மக்கள்தொகைக் கணக்கும் பேருந்தின் நடையும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு வெளியிடப்படுகிறது. அதில் ஒரு கிராமத்தின் வீடுகள், ஆண்கள், பெண்கள், ஆறு வயது வரையிலான குழந்தைகள், எழுத்தறிவு பெற்றோர், வேலை செய்வோர் ஆகிய எண்கள் ஒரு பகுதியிலும், பேருந்து, ரயில், சாலை வசதிகள் மற்றொரு பகுதியிலும் இருக்கும். இவ்விரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் ஓர் ஊரின் நிலை விளங்கும் என்பதே என் கருத்து.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் ஏறத்தாழ 83 கோடிப் பேர், அதாவது 68.8 விழுக்காட்டினர், கிராமங்களில் வாழ்ந்தனர். நகரமயம் மிகுந்த தமிழ்நாட்டிலும் கிராம மக்களே பாதிக்குச் சற்று மேல். ஆனால் கணக்கெடுப்பு கிராமம் என்று கொள்வது வருவாய் கிராமத்தை, அதாவது நிலப் பதிவுகளுக்காக அரசு வகுத்த எல்லையை. தாய்க் கிராமம், அதைச் சுற்றிய குக்கிராமங்கள், தள்ளி அமைந்த காலனி எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். பேருந்து தாய்க் கிராமத்து ஆலமரத்தடியோடு திரும்பிப் போனாலும், ஊர் முழுவதற்கும் பேருந்து உண்டு என்றே பதிவாகும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே வசிக்கும் கர்ப்பிணிக்கு அந்தப் பதிவால் என்ன பயன்? ஊருக்குப் பேருந்தே இல்லாதபோதும், அது கிடைக்கும் இடம் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10 வரையா, 10-க்கு மேலா என்று ஓர் எழுத்தால் குறிப்பதோடு கையேடு நின்றுவிடுகிறது.

2000 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் இந்தக் குறையை உணர்ந்து, வருவாய் கிராமத்தை விட்டுக் குடியிருப்பையே அலகாகக் கொண்டது. சமவெளியில் 500 பேரும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் இணைப்பற்ற குடியிருப்புகளுக்குச் சாலை அமைப்பது அதன் இலக்கு. இது சரியான அணுகுமுறை என்றே நான் மதிக்கிறேன். எனினும் தார்ச்சாலை வந்த ஊருக்கெல்லாம் பேருந்து வந்துவிடுவதில்லை.

ஊர் மக்கள் பேருந்தை நடைக்கணக்கில்தான் பேசுவார்கள்; பேருந்து ஒரு முறை வந்து போவது ஒரு நடை. நான்கு நடை வருகிறது என்றால், முதல் நடை பள்ளி மணிக்கு முன் வருகிறதா, கடைசி நடை வேலை முடிந்து திரும்புவோருக்குக் காத்திருக்கிறதா என்பதே அவர்களின் கேள்வி. கடைசி நடை மாலை ஆறு மணிக்கே போய்விடும் ஊரில், நகரத்துத் துணிக்கடை வேலையை ஒரு பெண் ஏற்கத் தயங்குவாள். அந்தத் தயக்கம் எழுத்தறிவுக் கட்டத்தில் தெரியாது. வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கையில் தெரியக்கூடும்.

வேலைக்குச் செல்லும் தொலைவையும் வாகனத்தையும் 2011 கணக்கெடுப்பு கேட்கத்தான் செய்தது. ஆனால் விவசாயிகளிடமும் விவசாயக் கூலிகளிடமும் வீட்டுத் தொழில் செய்வோரிடமும் அக்கேள்வி கேட்கப்படவில்லை. வயல் வேலை வீட்டருகே இருக்கும் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்திருக்க வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் பல கிலோமீட்டர் தள்ளிய ஊர்களுக்குப் பெண்கள் சரக்கு வண்டியில் நெருக்கி நின்றுகொண்டு போவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். உயிரைப் பணயம் வைக்கும் அந்தப் பயணம் எந்த அட்டவணையிலும் இல்லாதது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். மிக நல்ல திட்டம். ஆனால் டவுன் பஸ் நுழையாத குடியிருப்பில் அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். அங்கே ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெற உள்ளது. அதுவரை ஊராட்சிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குக்கிராமத்திலும் எத்தனை பேர், நிறுத்தம் எவ்வளவு தூரம், முதல் நடையும் கடைசி நடையும் எப்போது, கூலி வேலைக்குப் போவோர் எதில் போகிறார்கள் என்ற விவரங்களை ஒரு தாளில் தொகுத்து, அடுத்த கிராம சபையில் தீர்மானத்தோடு இணைத்து, போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பலாம். வணக்கம்.