ஐந்து நாளில் 720 படம்: கருவோடு கூடவே இருக்கும் கேமரா

(திரையில்: கறுப்புப் பின்னணியில் ஒரு சின்ன வட்டம். லேசாக நடுங்குகிறது. சட்டென்று இரண்டாகிறது.)

இப்போது பார்த்தீர்களே, ஒரு மனிதக் கரு முதன்முதலாகப் பிரிந்த நேரம் அது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் அதன் அகலம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் முறையில் முதல் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. அதே வருடம் அக்டோபரில் கொல்கத்தாவில் அடுத்தது. அந்தக் கதைக்கே தனி வீடியோ வேண்டும். இன்றைக்கு இன்குபேட்டர் பெட்டிக்கு வருவோம்.

கருவை அதற்குள் 37 டிகிரி சூட்டில் ஐந்து நாள் வரை வளர்ப்பார்கள். வழக்கமான முறையில் அவ்வப்போது வெளியே எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, திரும்ப உள்ளே வைப்பார்கள். டைம் லேப்ஸ் பெட்டியில் கேமரா உள்ளேயே இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஐந்து நாளில் 720 படம்.

சரி, அதில் என்ன லாபம்? நம்ம ஊர் ஆனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் வடம் பிடிக்கும்போது பார்த்துவிட்டு நீங்கள் வெளியூர் போய்விட்டீர்கள். மறுநாள் வந்தால் நெல்லையப்பர் தேர் நிலையில் நிற்கிறது. "நல்லபடியா வந்துட்டு" என்பீர்கள். வாகையடி முக்கில் எவ்வளவு நேரம் திரும்பாமல் நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. 2024-இல் வடம் அறுந்து அறுந்து போனதே, அந்தத் தேரும் மறுநாள் பார்ப்பவருக்கு மற்ற வருடத்துத் தேர் மாதிரிதான் நின்றிருக்கும். நான்கு ரத வீதியிலும் கூடவே நடந்து வந்தவருக்குத்தான் நடந்தது தெரியும்.

கருவிலும் அப்படித்தான். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காவதுதான் முறை. சில கரு ஒன்றிலிருந்து நேரே மூன்றாகத் தாவிவிடும். இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தால் அதுவும் நான்கைந்து செல்லோடு அழகாகவே இருக்கும். ஆனால் அப்படித் தாவியது கருப்பையில் ஒட்டி வளரும் வாய்ப்பு குறைவு. இந்தத் தாவலைக் கேமரா பிடித்துவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஆணா பெண்ணா என்று இந்தப் படத்தில் தெரியாது. வேறு வழியில் பார்ப்பதும் நம் நாட்டில் குற்றம்.

இப்போது முக்கியமான சங்கதி. 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பேர். டைம் லேப்ஸ் படம் பார்த்துக் கரு தேர்ந்தெடுத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் 33.7 சதவீதம், வழக்கமான முறையில் 33 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கேமரா கருவைப் பார்க்கும், தேற்றி விடாது. அதிலும் கையில் இருப்பதே ஒரு கருதான் என்றால், எதிலிருந்து எதைத் தேர்ந்தெடுப்பது?

அக்கா, தங்கச்சிகளே, இதற்காகக் கழுத்தில் கிடப்பதை அடகு வைக்காதீர்கள். இது இல்லாததால்தான் குழந்தை தங்கவில்லையோ என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ளவும் வேண்டாம். பில்லில் இதற்குத் தனிக் காசு உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம்.