தொடர்கதைக் கட்டு

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீட்டுப் பரணை ஒழிக்கும்போது, முதுகில் காலிகோ துணி ஒட்டிய ஒரு தடித்த புத்தகம் சில சமயம் கைக்கு வரும். பதிப்பகத்தின் பெயர் எங்கும் இருக்காது. திறந்தால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ‘தொடரும்’ என்று முடியும். ஒரு தாளைப் புரட்டினால் பின்பக்கம் தலைவலி மாத்திரை விளம்பரம் இருக்கும், அல்லது தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வேறொரு சிறுகதையின் நடுப்பகுதி. வார இதழிலிருந்து கதையை மட்டும் பிரித்தெடுத்து, வீட்டிலோ தெருக்கோடி பைண்டரிடமோ தைத்துக்கொண்ட கட்டு அது. கல்கி இதழில் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு ஓடியது. மணியம் வரைந்த படங்களோடு அதை வாரம் தவறாமல் சேர்த்தவர்கள் ஏராளம்.

வாரம் நாலு தாள் என்று வைத்தால் ஓர் ஆண்டுக்கு 208 தாள். அழுத்திய பிறகு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். ஒரு கட்டுக்கு இதுவே சரியான அளவு. இரண்டு ஆண்டையும் ஒன்றாகத் தைத்தால் முதுகு பிளந்துகொள்ளும்.

பிரிப்பதில்தான் பாதிப் பேர் கோட்டைவிட்டார்கள். இதழின் நடுவே இரண்டு கம்பிப் பின் இருக்கும். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய கத்தியால் பின்னின் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் தாள் கிழியும். சோம்பலில் விட்டுவைத்தால் நாலு மழைக்காலத்தில் துரு ஏறி, சுற்றியுள்ள தாளையே அரித்துவிடும்.

அடுத்தது, தாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு. 64 பக்க இதழில் 9-ஆம் பக்கம் உள்ள தாளின் மறுபாதி 56-ஆம் பக்கம். மடிப்போடு மடிப்பாக வெட்டி, உதிரித் தாள்களை அடுக்கிப் பக்கவாட்டில் தைத்தால், ஓரத்து எழுத்துகளைத் தையல் விழுங்கிவிடும். பரண் கட்டுகளில் வரியின் முதல் இரண்டு எழுத்தை ஊகித்துப் படிக்கவேண்டியிருப்பது இதனால்தான். கை பழகியவர்கள் மடிப்பைத் தாண்டி, மறுபாதியில் ஒன்றரை சென்டிமீட்டர் வால் விட்டு வெட்டுவார்கள். தையல் அந்த வாலில் விழும். பழைய மடிப்பு கதவுக் கீல் மாதிரி வேலை செய்யும், புத்தகம் தாராளமாகத் திறக்கும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. அண்ணன் ஒரு தொடர், அக்கா ஒரு தொடர் என்று சேர்க்கும் வீட்டில் இரண்டும் ஒரே தாளின் இரு பாதியில் அமைந்துவிட்டால், வால் ஒருவருக்குத்தான். அந்த வாரச் சண்டையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிரித்த உடனே தாளின் மூலையில் இதழ்த் தேதியைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா கூடாது. பசை ஈரம் பட்டால் மை ஊறிப் பரவும். விட்டுப்போன வாரத்துக்கு வெற்றுத்தாள் வைத்து, வாடகை நூலகத்தில் இதழ் கிடைத்ததும் கையால் நகல் எடுத்துச் சேர்ப்பதுண்டு.

தாள்களை மேசையில் தட்டி விளிம்பு சேர்த்து, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, குத்தூசியால் ஐந்து துளை. முறுக்கு நூலில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, நடுத் துளையில் தொடங்கி மேலும் கீழும் போய் நடுவிலேயே முடிச்சு. ஓரத்தில் தொடங்கினால் நூல் தளரும்.

பசைக்கு ஒரு பங்கு மைதா, ஆறு பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் கண்ணாடிபோல ஆகும்வரை கிண்ட வேண்டும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அது நஞ்சு, சமையல் பாத்திரத்தில் கலக்கவே கூடாது. அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளையும் கெடுக்கும் என்பதால், இன்று புதிதாகச் செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அட்டை ஒட்டியதும் இரவு முழுக்க அம்மிக்கல் பாரம். ஈரம் காயுமுன் எடுத்தால் அட்டை வில்லாக வளையும்.

இப்படி ஒரு கட்டு இன்று உங்கள் கையில் இருந்தால், முதலில் செலோடேப்பைத் தூர வையுங்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசலுக்கு மெல்லிய வெள்ளைத் தாளும் மைதாப் பசையும் போதும். மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால், வெளிச்சம் பட்டால் பழுத்து நொறுங்கும். எனவே வெயிலில் காயப்போடாதீர்கள், நிழல் காற்று போதும். புத்தகத்தை முழுதாக மல்லாத்தாமல், இரு பக்கமும் தலையணை கொடுத்துப் பாதி திறந்து, கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். கதை பெரும்பாலும் அச்சில் கிடைத்துவிடும். அதனால் அந்தத் தலைவலி மாத்திரை விளம்பரத்தையும் விடாமல் எடுங்கள்.