ஹோஸ்டிங் மாற்றுகிறீர்களா? பழையதை உடனே மூடிவிடாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. சித்திரைத் திருவிழா நெருங்குகிறது. மதுரையில் சுங்குடிச் சேலைக் கடைகளுக்கு ஆர்டர் குவிகிற நேரம் இது. தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சேலைக் கடையின் வெப்சைட் இந்த நேரம் பார்த்து அடிக்கடி முடங்கியது. புகார் எழுதினால், "சரிசெய்துகொண்டிருக்கிறோம்" என்ற ஒரே பதில்தான். வெறுத்துப்போன கடைக்கார அக்கா வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது வெப்சைட்டைத் தன் சர்வரில் வைத்து நடத்தித் தரும் வேறு நிறுவனத்துக்கு, மாறிவிட்டார். மறுநாள் காலையில் எனக்குப் போன்: "தம்பி, என் போனில் புது சைட் வருகிறது. உசிலம்பட்டியில் இருக்கிற தங்கச்சிக்குப் பழையதுதான் வருகிறதாம். எங்கே கோளாறு?"

கோளாறு எங்கேயும் இல்லை. நாம் தட்டுகிற பெயருக்கு உரிய ஐபி முகவரியை, அதாவது அந்த சைட் இருக்கும் சர்வரின் எண்ணைச் சொல்வது டிஎன்எஸ். 1983-ல் பால் மோக்காபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு. ஒவ்வொரு இன்டர்நெட் நிறுவனமும் ஒருமுறை கேட்டு வாங்கிய விடையைக் கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அந்தக் கெடுவின் பெயர் டிடிஎல். இதோ, திரையில் பாருங்கள்: அக்காவின் டொமைனில் (சைட்டின் பெயரில்) 14400 என்று இருக்கிறது. வினாடிக் கணக்கு, அதாவது நான்கு மணி நேரம். முகவரி மாறியதை யாரும் ஊர் ஊராகத் தண்டோரா போடுவதில்லை. கையில் இருக்கும் விடைக்குக் கெடு தீர்ந்த பிறகுதான் மறுபடி கேட்பார்கள். புது மண்டபக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் பழைய வாசலில் போய் நின்றவர்கள் உண்டு அல்லவா, அதேதான்.

சரி, மாற்றம் எல்லோருக்கும் போய்ச் சேர 48 மணி நேரம் ஆகும் என்கிறார்களே? ஒரு டொமைனின் டிஎன்எஸ் விவரங்களை வைத்திருந்து விடை சொல்கிற சர்வர்தான் நேம்சர்வர். டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரத்துக்கு மேல்மட்டச் சர்வர்கள் தருகிற கெடு 172800 வினாடி. கணக்குப் போட்டால் சரியாக 48 மணி நேரம். நேம்சர்வரையே மாற்றினால்தான் அவ்வளவு தாமதம் வரலாம். ஏ ரெக்கார்டை (சைட்டின் ஐபி முகவரி எழுதியிருக்கும் பதிவை) மட்டும் மாற்றுகிறவர்களுக்கு அவரவர் டிடிஎல்தான் கணக்கு. அதை முந்தைய நாளே 300 ஆக்கிவிடுங்கள். ஐந்தே நிமிடம். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை. பழைய கெடுவோடு போன விடை போனதுதான்.

எனக்கு மனம் பதறுவது ஆர்டர்களை நினைத்துத்தான். உசிலம்பட்டிக்காரர் பழைய சைட்டில் பணம் கட்டினால், அந்த ஆர்டர் பழைய சர்வரின் டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடையில் திறந்து பார்ப்பதோ புதியதை. பணம் கட்டியவர் சேலைக்குக் காத்திருப்பார். கடைக்கு விஷயமே தெரியாது. அதனால் மாற்றுவதற்கு முன்பே பழைய சைட்டில் ஆர்டர் பொத்தானை எடுத்துவிட்டு, கடையின் போன் நம்பரைப் போடுங்கள். பழைய ஹோஸ்டிங்கை இன்னும் ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நேம்சர்வரை மாற்றுகிறவர்கள், மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டையும் புது இடத்தில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். விட்டுப்போனால் சைட் ஜம்மென்று திறக்கும், மெயில் மட்டும் வராது. மாற்றி முடித்ததும் வெளியிலிருந்து கடையின் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். மறுநாளும் ஒன்று அனுப்புங்கள்.