‘நான் யாருன்னு தெரியுதா?’

எல்லோருக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: ‘நான் யாருன்னு தெரியுதா? பேரைச் சொல்லுங்க பார்ப்போம்!’ பெரும்பாலும் அவருக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் தங்கச்சி மகன், வாங்கிய கடனை இன்னும் திருப்பித் தரவில்லை என்பது வரைக்கும் தெரியும். பெயர்தான் வாயில் வராது.

மூளை அடிபட்டு மொழி இப்படிக் குலைந்துபோவதற்கு அஃபேசியா என்று பெயர். அநேகம் பேருக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடது பாதியில் இருக்கின்றன. உடம்பின் வலது பக்கத்தை இயக்குவதும் அதே இடது பாதிதான். அதனால்தான் பேச்சு போகும்போது பலருக்கு வலது கையும் காலும் சேர்ந்தே விழுகின்றன. பக்கவாதம்தான் முக்கியக் காரணம். பைக் விபத்தில் தலையில் அடிபட்டாலும், மூளையில் கட்டி வந்தாலும் இது வரலாம்.

1861-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளியை பால் புரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்தார். அந்த மனிதருக்கு வாயில் வந்தது ‘டான்’ என்ற ஒலி மட்டும்தான். என்ன கேட்டாலும் ‘டான், டான்’. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு வரும்! இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று புரோக்கா கேட்டார். அவர் கையை நான்கு முறை விரித்து மூடி, கடைசியில் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று. சரியான கணக்கு. சில நாளில் அவர் இறந்தார். மூளையைத் திறந்து பார்த்தபோது இடது முன்பகுதி சேதமாகியிருந்தது. பாடப்புத்தகங்கள் அந்த இடத்தைப் பெரிதாக எழுதும். எனக்கு அந்த விரல்தான் பெரிது.

எல்லோருக்கும் புரிதல் முழுதாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. 1874-இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த வகையில் பேச்சு சரளமாக ஓடும். ஆனால் சொற்கள் மாறிப்போயிருக்கும், நாம் பேசுவதும் சரியாகப் பிடிபடாது. வீட்டில் ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதுவும் அஃபேசியாதான்.

பேச வராவிட்டால் என்ன, எழுதட்டுமே என்று நோட்டும் பேனாவும் கொடுப்பார்கள். எழுத்தும் மொழிதானே? பெரும்பாலும் அதுவும் அடிபட்டிருக்கும். ஆனால் ஒன்று, இரண்டு எனத் தொடர்ந்து எண்ணுவது, மனப்பாடமான பக்திப் பாட்டு, பழகிய கெட்ட வார்த்தை இவையெல்லாம் சிலருக்குத் தப்பிவிடும். ‘பாடுகிறார், திட்டுகிறார், பேச மட்டும் அடம்பிடிக்கிறார்’ என்று என்னிடம் புகார் சொல்வார்கள். அடம் இல்லை ஐயா. அவை தானாக வருகிறவை. ‘தண்ணி வேணும்’ என்று சொல்வது புதிதாகக் கோக்க வேண்டிய வாக்கியம். ராகம் போட்டுச் சொல்லவைக்கும் ஒரு பயிற்சி முறையே இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் டிவியை அணையுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்று கேட்காமல் ‘இட்லியா, தோசையா?’ என்று கேட்டு, இரண்டையும் காட்டுங்கள். அப்புறம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பதுதான் நம் ஆட்களுக்கு வரவே வராது! ‘ஆமாம்’ என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ‘இல்லை’ என்பதற்கும் அதுவே வந்துவிடலாம். முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கேளுங்கள்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதோடு கதவு மூடிவிடாது, பயிற்சி தொடர்ந்தால் வருஷங்கள் கழித்தும் பேச்சு கூடுகிறது. ஸ்வீடன் கவிஞர் டிரான்ஸ்டிரோமருக்கு 1990-இல் பக்கவாதம் வந்து பேச்சு பெருமளவு போயிற்று. இடது கையால் பியானோ வாசித்தார், அதற்குப் பிறகும் கவிதை நூல்கள் வெளியிட்டார், 2011-இல் நோபல் பரிசு பெற்றார். எல்லோரும் கவிஞராக வேண்டாம். வீட்டு முடிவுகளில் பேச்சு போனவரையும் சேர்த்துக்கொண்டால் போதும். பேத்தி கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு மாதிரி வந்திருக்கிறதா? இரண்டையும் அவர் முன்னால் வையுங்கள். இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் அதையும் காட்டிவிடுவார்.