ரெக்கார்டிங் பிசி வாங்கப் போறீங்களா? கிராஃபிக்ஸ் கார்டைக் கீழ வைங்க!

[காட்சி: ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுப் பாடுறேன். ரெண்டாவது வரியிலேயே நிறுத்திடுறேன்.]

கேட்டீங்களா? நான் பாடுறேன், என் குரலே பின்னாடி வந்து எனக்குப் பழிப்புக் காட்டுது. என் சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான், ஒத்துக்கிறேன். ஆனா தாளம் போனதுக்குக் காரணம் இதோ இந்தப் பெட்டி.

வணக்கம் மக்களே. இந்தத் தாமதத்துக்குப் பேர் லேட்டன்சி. கிராஃபிக்ஸ் கார்டுல காசைக் கொட்டிட்டு இங்க வந்து முட்டிக்கிட்டவங்க நிறைய பேர்.

பார்ட்ஸ் கதையைச் சட்டுனு முடிச்சிடுவோம். ஆறு இல்லன்னா எட்டு கோர் ப்ராசசர், 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. திரைக்கு ப்ராசசர்லயே இருக்கிற கிராஃபிக்ஸ் போதும். முடிஞ்சது.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம்.

[திரையில்: குழாய், குடம்]

கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டா வாங்காது. குடம் நிறைஞ்சாத்தான் தூக்கும். அந்தக் குடம்தான் பஃபர். சாம்பிள்னா சத்தத்தோட ஒரு சொட்டு அளவு. செகண்டுக்கு 48,000 சாம்பிள் வருதுன்னு வைங்க. 1024 சாம்பிள் குடம் நிறைய 21 மில்லிசெகண்ட் ஆகும். உள்ள வர ஒரு குடம், வெளிய போக ஒரு குடம். ஆக, கிட்டத்தட்ட 43 மில்லிசெகண்ட்.

"அதெல்லாம் ஒரு நேரமாய்யா?"ன்னு கேப்பீங்க. இருங்க, அதை அடிக்கணக்குல சொல்றேன். காத்துல ஒலி ஒரு செகண்டுக்குச் சுமாரா 343 மீட்டர் போகும். அப்போ ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல. 43-ன்னா ஏறக்குறைய 48 அடி! நீங்க மேடையில பாடுறீங்க, தாளம் போடுறவர் கடைசி வரிசைக்குப் பின்னாடி நிக்கிறார். எப்படிச் சேரும்? அதே குடத்தை 64 ஆக்குங்க. ரெண்டு குடத்துக்கும் சேர்த்து மூணே அடி. ஒரே பாய்ல பக்கத்துல வந்து உக்காந்துட்டார்! மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும், அது வேற. இந்தக் கணக்கை முதல்ல போட்டுப் பாத்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

அப்போ எப்பவும் 64-லயே வெச்சுடலாமே? முடியாது. குடம் சின்னதானா ப்ராசசர் ஓடி ஓடித் தூக்கணும். அடுத்த குடம் நிறையுற 1.3 மில்லிசெகண்டுக்குள்ள வேலை முடியலன்னா 'பட் பட்'னு வெடிக்கும். ஒரே டிராக்ல மாட்டின ப்ளக்இன் (சத்தத்தை மெருகேத்துற குட்டி மென்பொருள்) எல்லாம் ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. அதனால கோர் எத்தனைன்னு மட்டும் பாக்காதீங்க, ஒத்தைக் கோர் எவ்ளோ வேகம்னு பாருங்க. நான் ரெண்டு வாரமா ப்ராசசரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியில திருடன் வைஃபை டிரைவர், அதாவது வைஃபையை இயக்குற மென்பொருள்! அதை ஆஃப் பண்ணதும் வெடிச்சத்தம் நின்னுபோச்சு. லேட்டன்சிமான்னு ஒரு மென்பொருள் இருக்கு. எந்த டிரைவர் குறுக்க நிக்குதுன்னு காட்டிக்கொடுத்துடும்.

விண்டோஸ்ல இருக்கீங்களா? அப்போ அப்கிரேடுல முதல் காசு, சொந்த ஏஸியோ டிரைவரோட வர்ற ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு. 1997-ல ஸ்டெய்ன்பெர்க் கம்பெனி கொண்டுவந்த வழி இது. விண்டோஸோட வழக்கமான ஒலிப்பாதை வழியா சுத்திக்கிட்டுப் போகாம நேரா இன்டர்ஃபேஸ்கிட்ட பேசும். பஃபரைப் பாடும்போது 64 இல்லன்னா 128, மிக்ஸ் பண்ணும்போது 1024-னு வைங்க. இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தா இன்னும் நிம்மதி. குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே காதுக்கு வந்துடும்.

டிஸ்க் வேகம்? சாம்பிளுக்கு 24 பிட், செகண்டுக்கு 48,000 சாம்பிள்னா ஒரு மைக்குக்கு செகண்டுக்கு 144 கேபி. 16 மைக் வெச்சாலும் 2.3 எம்பி. பழைய ஹார்டு டிஸ்க் கொட்டாவி விட்டுக்கிட்டே எழுதும். எஸ்எஸ்டி கேக்குறது பெரிய பெரிய சாம்பிள் வாத்தியங்களை (முன்னாடியே பதிவு பண்ணி வெச்ச நிஜ வாத்தியச் சத்தங்களை) லோடு பண்றதுக்குத்தான்.

ஃபேன் பெருசா, மெதுவா சுத்துறதா வாங்குங்க. மைக்குக்குக் காது ரொம்ப நீளம்.

[காட்சி: பஃபர் 64. அதே வரியை மறுபடி பாடுறேன்.]

தாளம் நின்னுச்சா? சுருதியைப் பத்தி யாரும் கமெண்ட் போடக்கூடாது. உங்க பஃபர் எண் என்ன, உங்க தாளக்காரர் எத்தனை அடி தள்ளி நிக்கிறார்னு மட்டும் போடுங்க.