மூத்த வீரர்களின் தசையும் வைட்டமின் மாத்திரையும்

[திரையில்: டொரண்டோ மாரத்தான், 2004. வயது 73. நேரம் 2:54:48]

2004-ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் நடந்த மாரத்தானில், 73 வயதான எட் விட்லாக் 42.195 கிலோமீட்டரை 2 மணி 54 நிமிடம் 48 விநாடிகளில் ஓடி முடித்தார். அவருடைய வயதில் பாதிகூட ஆகாத பலருக்கும் எட்டாத நேரம் அது. தம் ஊரான மில்டனில் உள்ள கல்லறைத் தோட்டத்தின் பாதையில், சில நாள்களில் மூன்று மணி நேரம் வரை சுற்றிச் சுற்றி ஓடியே அவர் இதற்குப் பயிற்சி எடுத்தார்.

மூப்பைப் பற்றிய புகழ்பெற்ற கோட்பாடு ஒன்றை அப்படியே ஏற்றுக்கொண்டால், இது நடந்திருக்கவே கூடாது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களைச் சிறுகச் சிறுகச் சிதைப்பதால்தான் நாம் மூப்படைகிறோம் என்று அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956-இல் எழுதினார். ஓய்வாக இருக்கும்போது நம் உடல், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. நன்கு பயின்ற நீள்தூர ஓட்டக்காரர் முழு முயற்சியில் 70 மில்லிலிட்டர் வரை எடுக்கிறார். ஆண்டுக்கணக்கில் இப்படி ஆக்சிஜனைச் செலவழிப்பவர், வீட்டில் உட்கார்ந்திருப்பவரைவிட விரைவில் தளர்ந்துபோக வேண்டும் அல்லவா? உண்மையில் தளர்வது உட்கார்ந்திருப்பவர்தான்.

[திரையில்: தசைச் செல்லின் வரைபடம்]

ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பெறும்போது அது சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் ஆகிறது. அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் நொதி நம் செல்களிலேயே இருக்கிறது. அந்தப் பெராக்சைடை நீராக மாற்றிவிடும் நொதிகளும் இருக்கின்றன. இந்த நொதிகள் சமாளிக்கும் அளவைவிட வினைபுரியும் மூலக்கூறுகள் மிகுந்து, கொழுப்பும் புரதமும் மரபுப்பொருளும் சேதமடையத் தொடங்கும் நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். தசை இயங்கும்போது இவை, செல்லுக்கு ஆற்றலை உண்டாக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே பெருமளவில் கசிகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. செல்லின் சவ்வுகளில் உள்ள என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதியே, தசை சுருங்கும் வேளையில் முக்கிய ஊற்றாக இருக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதாவது, உடலே வேண்டுமென்று உண்டாக்கும் ஒன்றை வெறும் கழிவு என்று எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்துக்கும் காரணம் இருந்தது. களைத்து விழும் வரை ஓடவிடப்பட்ட எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் ஃப்ரீ ராடிக்கல்கள் இரண்டு, மூன்று மடங்கு பெருகியிருப்பதை 1982-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் நேரடியாக அளந்து காட்டினார்கள். பயிற்சியில் இவ்வளவு உண்டாகிறது என்றால் அதை அடக்க மாத்திரை எடுப்பதுதானே அறிவு என்ற முடிவு எளிதாகப் பரவியது. ஃப்ரீ ராடிக்கல்களைச் செயலிழக்கச் செய்யும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகள் விளையாட்டு வீரர்களின் பைகளுக்குள் வந்தது இப்படித்தான்.

[திரையில்: இரண்டு குழுக்கள், நான்கு வாரங்கள்]

அந்த முடிவைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2009-இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. மைக்கேல் ரிஸ்டோவின் குழுவினர், ஏற்கெனவே பயிற்சி பெற்ற இளைஞர்களையும் பயிற்சியே இல்லாத இளைஞர்களையும் சேர்த்து, வாரத்தில் ஐந்து நாள் என நான்கு வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பாதியினர் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் எடுத்துக்கொண்டார்கள், மறுபாதியினர் எடுக்கவில்லை. உடற்பயிற்சியின் மிக முக்கியமான பலன்களில் ஒன்று, இன்சுலினுக்கு உடல் நன்றாகச் செவிசாய்ப்பது. அந்தப் பலன் மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது, எடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைவிட என்னை வியக்கவைத்தது, மாத்திரை எடுக்காதவர்களின் தசையில்தான் உடலின் சொந்தத் தற்காப்பு நொதிகளை உருவாக்கும் மரபணுக்கள் கூடுதலாக விழித்துக்கொண்டன என்பதுதான். பாதுகாப்புக்காக விழுங்கிய மாத்திரை, நிலையான பாதுகாப்பு உருவாவதைத் தடுத்துவிட்டது.

இதன் இயக்கம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. செல்லுக்குள் என்ஆர்எஃப்-2 என்ற புரதத்தை, கீப்-1 என்ற மற்றொரு புரதம் பிடித்து வைத்திருக்கிறது. பயிற்சியின்போது எழும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கீப்-1-இன் பிடியைத் தளர்த்துகின்றன. விடுபட்ட என்ஆர்எஃப்-2 உட்கருவுக்குள் சென்று, தற்காப்பு நொதிகளை உண்டாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. மண்வெட்டி பிடித்தே பழகிய கை காய்த்து உரமேறுவதைப் போன்றது இது. கையுறை போட்டே வெட்டுபவரின் கை காய்ப்பதில்லை.

[திரையில்: முன்கையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் பட்டை]

இதுவரை பார்த்தவை இளம் உடல்கள். வயதானவர்களிடம் நிலை வேறு. பயிற்சி இல்லாத முதியவரின் செல்களில் சேதத்தின் அடையாளங்கள் ஓய்வு நிலையிலேயே மிகுந்திருக்கின்றன. ஒரு வேளை சைக்கிள் மிதித்தவுடன் என்ஆர்எஃப்-2 உட்கருவுக்குச் செல்லும் வேகமும் இளைஞரைவிட மந்தமாக இருக்கிறது. அப்படியானால், வாழ்நாள் முழுவதும் ஓடிய முதியவரின் உடல் யாரைப் போல இருக்கும்?

இத்தாலியின் பீசா நகரில் ஸ்டெஃபானோ டாடெய் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை தருகிறது. இளைஞர், முதியவர் ஆகிய இரு வயதினரிலும் விளையாட்டு வீரர்களையும் உட்கார்ந்த வாழ்க்கை உடையவர்களையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்கைக்குச் செல்லும் தமனிக்குள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தினால் இரத்தக்குழாய் விரிய வேண்டும். உட்கார்ந்து பழகிய முதியவர்களிடம் அது போதிய அளவு விரியவில்லை. அதே தமனியில் வைட்டமின் சி-யையும் செலுத்தியபோது விரிவு மேம்பட்டது. ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் குழாயைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. முதிய வீரர்களின் குழாய்களோ முதலிலேயே நன்றாக விரிந்தன; வைட்டமின் சி கொடுத்தபோது அவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. அங்கே அது சரிசெய்ய வேண்டிய குறை ஒன்றும் இருக்கவில்லை.

இதிலிருந்து, மாத்திரை இளைஞர்களுக்கு வேண்டாம், முதியவர்களுக்கு வேண்டும் என்று யாரேனும் முடிவு செய்தால் அது அவசரம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில், 65 வயதை ஒட்டிய 27 ஆண்களுக்கு எட்டு வாரங்கள் கடும் பயிற்சி கொடுத்து, ஒரு குழுவினருக்கு மட்டும் தினமும் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் கொடுத்துப் பார்த்தார்கள். திராட்சைத் தோலில் உள்ள, இளமையைக் காக்கும் என்று விற்கப்படுகிற பொருள் அது. 2013-இல் வெளியான முடிவின்படி, வெற்று மாத்திரை எடுத்தவர்களின் உச்ச ஆக்சிஜன் கொள்ளளவில், அதாவது முழு முயற்சியில் உடல் எடுக்கக்கூடிய ஆக்சிஜனின் அளவில், ஏற்பட்ட உயர்வு, ரெஸ்வெரட்ரால் எடுத்தவர்களுடையதைவிட 45 சதவீதம் அதிகம். நார்வேயில் எடை தூக்கும் பயிற்சி செய்த முதியவர்களிடமும், வைட்டமின் சி, ஈ எடுத்தவர்களின் உடலில் தசைத்திரள் குறைவாகவே கூடியது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நார்வேயிலேயே இளைஞர்களிடம் 11 வாரங்கள் நடந்த மற்றோர் ஆய்வில், மாத்திரை தசையில் மைட்டோகாண்ட்ரியா தொடர்பான சில புரதங்களின் உயர்வை மட்டுப்படுத்தியதே தவிர, உச்ச ஆக்சிஜன் கொள்ளளவு இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு உயர்ந்தது. உடலில் வைட்டமின் சி உண்மையிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தால் உடல்திறன் கூடுகிறது என்றும் ஆய்வு உண்டு. ஆகவே பற்றாக்குறையை நிரப்புவது ஒன்று, நிறைந்திருக்கும்போது மேலும் மேலும் கொட்டுவது வேறு. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது; ஒரு நாள் தேவைக்கு அது தாராளமாகப் போதும். மேலே சொன்ன பாதிப்புகள் பழங்களால் வந்தவை அல்ல.

[திரையில்: வார அட்டவணை. கடும் பயிற்சி நாள்களுக்கு இடையே இடைவெளி]

35 வயதிலேயே தொடங்கிவிடுகிற மூத்தோர் தடகளத்தில் பங்கேற்பவர்கள் பயிற்சியைத் திட்டமிடும்போது, இளம் வீரரின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. சேதமும் சீரமைப்பும் எல்லா வயதிலும் நடப்பவையே. ஆனால் வயது கூடக் கூடச் சீரமைப்புக்கு நேரம் பிடிக்கிறது. ஆகவே கடுமையான இரண்டு நாள்களுக்கு இடையே இலகுவான நாள்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அறுபதில் புதிதாகத் தொடங்குபவர் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்து உயர்த்தக் கூடாது. மருத்துவர் ஒரு குறைபாட்டுக்காக வைட்டமின் எழுதிக் கொடுத்திருந்தால், இந்த வீடியோவை நம்பி அதை நிறுத்த வேண்டாம். தாமாகவே கடையில் வாங்கித் தினமும் விழுங்கும் 1000 மில்லிகிராம் மாத்திரையைப் பற்றி மட்டும் அடுத்த முறை அவரிடம் கேளுங்கள்.