சாமி வேண்டாம், வரி வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பாளையங்கோட்டைப் பெரியோர்களே, மதினிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நட்பும் உறவும் போதுமா, மாதந்தோறும் கூடுகிற சபை ஒன்று வேண்டுமா? இதுதான் வழக்கு. போதும் என்று பேசிய அண்ணாச்சி மூன்று காரணம் சொன்னார். கூட்டம் சேர்த்தால் நாளைக்கு அதுவே மதமாகிவிடும். பேசுவதற்கு டீக்கடை இருக்கிறது. பெரியார் போடாத கூட்டமா, அதற்கு மேல் என்ன கூட்டம்? நன்றாகக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். அப்புறம்தான் நான் எந்த அணி என்று ஞாபகம் வந்தது.

நான் ஒரு துஷ்டி வீட்டிலிருந்து, அதாவது சாவு வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் சித்தப்பா முப்பது வருஷம் ஊர்க் கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, வரி கொடுக்கவில்லை. "சுடலைமாடனுக்கும் எனக்கும் பகையும் கிடையாது, பற்றுவரவும் கிடையாது" என்பார். ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. விட்டுவிட்டார்கள். சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் விடியற்காலையில் இங்கே பாளையங்கோட்டையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இறந்துபோனார். டைரியில் "எனக்கு எந்தச் சடங்கும் கூடாது" என்று எழுதி வைத்திருந்தார். வேண்டாதது இருந்தது, அதற்குப் பதிலாக என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி இல்லை. உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குப் போவதா வேண்டாமா என்று மாடிப்படியில் நின்று சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒருவர் கோடித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, போடவா மடித்து வைக்கவா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் வழக்கம்தான் ஜெயித்தது. அதுவும் அரைகுறையாக. சித்தப்பாவின் நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். நாலு பேரும் அவரோடு பல வருஷம் டீ குடித்தவர்கள். ஆனால் நாலு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். எதிரணி சொல்லும் டீக்கடை அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்தது நடுவர் அவர்களே, தனித்தனி கிளாஸாக வந்தது.

இப்போது கொடையைப் பாருங்கள். சாமி ஆடுவது ஒரு ராத்திரிதான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பது, வில்லுப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது, பந்தல் யாருக்கு, போன வருஷத்து மீதிப் பணம் எங்கே, இதெல்லாம் மாதக்கணக்கில் ஓடும். கணக்கு வாசிக்கிற அன்றைக்கு வாய்ச்சண்டை வராத ஊர் உண்டா? சண்டை போட்டவனே மறுநாள் பந்தக்கால் பிடிப்பான். தேவாலயத்து அசனத்தை, அந்தப் பொதுப் பந்தியைப் பாருங்கள். ஜெபம் கொஞ்ச நேரம், வெங்காயம் உரிப்பது ராத்திரி முழுக்க. அந்த வெங்காயத்தில்தான் ஒரு வீட்டுக்காரி இன்னொரு வீட்டுக்காரியின் மகள் கல்யாண விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். சாமியை நம்பாதவன் சாமியை மட்டும் விட்டதாக நினைக்கிறான். சேர்ந்து போனது இந்த வெங்காயமும் கணக்கு நோட்டும். அந்த இரண்டையும் திரும்பக் கேட்கிறோம், வேறொன்றுமில்லை.

மதமாகிவிடும் என்ற பயம் வெறும் பயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பிரான்ஸில் அகஸ்ட் காம்ட் என்ற தத்துவவாதி கடவுளை எடுத்துவிட்டு மனிதகுலத்தையே கும்பிடும் மதம் ஒன்றைக் கட்டினார். அதற்குக் குருமார்கள், 28 நாள் கொண்ட 13 மாதங்களாகத் தனி நாட்காட்டி. மாதத்துக்கு ஒரு மகான் பெயர் வேறு. நமக்கு அது வேண்டாம். இருக்கிற பஞ்சாங்கமே போதும்.

ஆனால் 2013 ஜனவரியில் லண்டனில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள், சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ், சண்டே அசெம்ப்ளி என்று ஒன்று தொடங்கினார்கள். வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் கூடினார்கள். சேர்ந்து பாட்டு, ஒரு பேச்சு, அப்புறம் டீ, கேக். நன்றாக வாழ், அடிக்கடி உதவு, மேலும் வியந்து பார் என்பது அவர்கள் வாசகம். சீக்கிரமே பல நாடுகளுக்குப் பரவியது. எதிரணி இப்போது எழுந்து, பிறகு பல ஊர்களில் அது நின்றுபோனதே என்று கேட்கும். ஆமாம், நின்றது. ஓடியாடி வேலை பார்த்தவர்கள் களைத்துப்போனால் அடுத்த ஆள் வேண்டும், பணமும் வேண்டும். என்னைக் கேட்டால், அவர்களுக்கு நம் ஊர்க் கொடைக் கணக்குப்பிள்ளை ஒருத்தர் கிடைத்திருக்கவேண்டும். முறை போட்டு, வரி போட்டு, கொடுக்காத வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்.

அடுத்தது டீக்கடை. நடுவர் அவர்களே, டீக்கடை பெஞ்சில் எத்தனை மதினிமார்களைப் பார்த்திருக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்றால் வீட்டில் கேள்வி கிடையாது. நம்பிக்கை போன ஒரு பெண்ணுக்கு சாமியோடு வாசல்படியும் போய்விடுகிறது. பாதிப் பெண்கள் அதற்காகவே நம்பிக்கை போனதை வெளியே சொல்வதில்லை என்பது என் சந்தேகம். மூன்று பேர் அங்கே தலையாட்டுகிறார்கள், யார் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. நம் சீமையில் கொடை எந்தத் தெருவுக்கு எந்தக் கொடை என்று பிரிந்துதான் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம் என்ற கொடுமை எல்லாருக்கும் தெரியும். ஆந்திரத்தில் கோரா என்ற நாத்திகர் 1940இல் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையம் தொடங்கி, 1947இல் விஜயவாடாவுக்குக் கொண்டுபோனார். அவரும் அவர் மனைவி சரஸ்வதி கோராவும் பௌர்ணமி இரவுகளில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். பௌர்ணமி என்றால் விளக்குச் செலவு இல்லை, தேதியும் மறக்காது. கூட்டம் கூட்டத் தெரிந்தவர் செய்த வேலை அது. ஒரு தடவை சமபந்தி என்றால் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாதாமாதம் என்றால் பக்கத்து இலைக்காரனின் பெயர் தெரிந்துவிடும்.

பெரியார் கூட்டம் போதாதா என்றார்கள். மேடையில் ஒருவர் பேச, ஆயிரம் பேர் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவது அறிவு தரும். நமக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி தராது. சுயமரியாதைக்காரர்களுக்கே இது தெரியும். 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. புரோகிதர் வேண்டாம் என்ற அந்தச் சட்டம், சுற்றம் நட்பு யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் என்றுதான் சொல்கிறது. கல்யாணத்துக்கு வழி கிடைத்துவிட்டது. என் சித்தப்பா வீட்டு மாடிப்படிக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இது ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடினார்களே, அவர்கள் பக்தர்கள்தான். ஆனால் கூட்டிவைத்தது கம்பன் பாட்டு. பேராசிரியர் நா. வானமாமலை மார்க்சியர். 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கி, கட்டுரை வாசிக்கவைத்து, அதை வெட்டியும் ஒட்டியும் பேசவைத்தார். தொடர்ந்து கூடியதால் ஒரு ஆய்வாளர் தலைமுறையே வளர்ந்தது. கூடுவதற்குத் தேவை ஒரு கிழமையும் ஒரு வேலையும்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். சித்தப்பா போன பிறகு நாங்கள் பதினான்கு பேர் மாதம் இரண்டாம் ஞாயிறு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். அந்த நாலு டீ நண்பர்களில் மூன்று பேர் வருகிறார்கள். தலைக்கு நூறு ரூபாய் வரி, கணக்கு நோட்டு என் மதினியிடம். தனக்கு என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொருவரும் அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு பேர் மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் வில்லுப்பாட்டு வேண்டும் என்கிறார். இந்த மாதம் சொதி. தேங்காய்ப்பால் பிழிகிற முறை யாருக்கும் இன்னும் போடவில்லை. எதிரணி அண்ணாச்சிக்கு அன்றைக்கு வேறு ஜோலி இல்லை என்று விசாரித்துத்தான் வந்திருக்கிறேன்.